டேப்லெட்டின் பவர் பொத்தான்: ஸ்லீப்பில் விடுவதா, ஹைபர்னேட்டுக்கு மாற்றுவதா?

தறிக்கணக்கு (குடியாத்தம்), சனி காலை 6.50

லுங்கி நெய்யும் தறிவீடுகளுக்கு நூல் கொடுத்துத் துணி வாங்கும் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். நாளுக்குப் பன்னிரண்டு வீடுகள். எத்தனை பாவு கொடுத்தோம், எத்தனை லுங்கி இறங்கியது, கூலி எவ்வளவு என்பதை அந்தந்த வீட்டுத் திண்ணையிலேயே டேப்லெட்டில் ஏற்றிவிடுவேன். விண்டோஸ் 11, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பு.

ஒரு வீட்டில் வேலை முடிந்ததும் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்துகிறேன். திரை அணைகிறது. பையில் போட்டு, ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் வைக்கிறேன். அடுத்த வீட்டில் எடுத்தால் தோசைக்கல் போலச் சுடுகிறது. காலையில் 100 சதவீதத்தோடு கிளம்பினால் பகல் ஒரு மணிக்கு 15 சதவீதம்தான் மிச்சம். நேற்று கூலி சொல்லும் நேரத்தில் அணைந்தே போய்விட்டது. ஒரு நெசவாளர் அம்மா முக்கால் மணி நேரம் காத்திருந்தார். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்குள் பட்டுவாடா முடிய வேண்டும். பொத்தானின் அமைப்பை எப்படி மாற்றுவது?

காட்பாடி ரயிலடி, காலை 7.25

அம்மா, பொத்தானை ஹைபர்னேட்டுக்கு மாற்றிவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போனால், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கம் இருக்கும். அங்கே ஸ்லீப் என்று இருப்பதை ஹைபர்னேட் என்று மாற்றுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வரும் பெரும்பாலான டேப்லெட்டுகளில் ஸ்லீப் என்பது உண்மையான உறக்கம் அன்று. திரை அணையும், உள்ளே இயந்திரம் விழித்தேதான் இருக்கும். 2012இல் விண்டோஸ் 8 காலத்தில் கனெக்டெட் ஸ்டாண்ட்பை என்று வந்தது, விண்டோஸ் 10இல் மாடர்ன் ஸ்டாண்ட்பை ஆனது. கைப்பேசியைப் போலத் தொட்டவுடன் எழ வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஹைபர்னேட் அப்படியில்லை. நினைவகத்தில் இருப்பதைச் சேமிப்பில் எழுதிவிட்டு மின்சாரத்தையே நிறுத்திவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், பையில் சூடேறாது.

நான் பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். மே மாதத்தில் என் மேசைக்கு வரும் டேப்லெட்டுகளில் பேட்டரி உப்பித் திரையைத் தூக்கியவை எத்தனையோ. வேலூர் வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் டேப்லெட்டை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

பாகாயம், காலை 8.10

ஐயா சொன்ன விளக்கம் சரி. தீர்ப்பில்தான் எனக்கு உடன்பாடில்லை. மாடர்ன் ஸ்டாண்ட்பை ஒழுங்காக இயங்கினால் ஒரு மணி நேரத்தில் ஓரிரு சதவீதம்கூடக் குறையக் கூடாது. அக்காவின் டேப்லெட் அரை நாளில் 85 சதவீதம் இழக்கிறது என்றால், ஏதோ ஒன்று அதைத் தூங்க விடாமல் செய்கிறது. அது எதுவென்று தெரியாமல் ஹைபர்னேட்டுக்கு மாற்றுவது, ஓட்டைக் குடத்தைக் கண்டுகொள்ளாமல் தண்ணீர் எடுப்பதை நிறுத்துவது போன்றது.

இன்னொன்று. பன்னிரண்டு வீடுகளிலும் ஒவ்வொரு முறையும் ஹைபர்னேட்டிலிருந்து எழுப்ப வேண்டும். இந்தச் சிறிய டேப்லெட்டில் அதற்கு அரை நிமிடமாவது ஆகும்.

அக்கா, விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலை நிர்வாகி உரிமையோடு திறங்கள். ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி (powercfg) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, ஏ என்ற எழுத்தை இடுங்கள். உங்கள் டேப்லெட்டுக்கு என்னென்ன உறக்க வகைகள் உண்டு என்று சொல்லும். பிறகு அதே கட்டளையில் ஏ எழுத்துக்குப் பதில் ஸ்லீப்ஸ்டடி என்று சேர்த்துத் தட்டுங்கள். கடைசி மூன்று நாட்களின் உறக்க வரலாறு ஓர் அறிக்கையாக வரும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் திரையிலேயே காட்டும்.

ஆரணி நெசவு, காலை 9.05

இவ்வளவு எதற்கு? பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் முழுதாக அணைந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

காட்பாடி ரயிலடி, காலை 9.12

தயவுசெய்து வேண்டாம். அது உறைந்துபோன இயந்திரத்தை மீட்பதற்கான வழி. சேமிக்காத கணக்கு போய்விடும், கோப்பு எழுதப்படும் நேரமாக இருந்தால் கோப்பே கெடலாம். நெசவாளரின் கூலி அதற்குள் இருக்கிறது.

பாகாயம், காலை 9.15

இதில் ஐயாவும் நானும் ஒரே கட்சி.

தறிக்கணக்கு, பகல் 2.40

ஐயா சொன்னபடி காலையிலேயே ஹைபர்னேட்டுக்கு மாற்றிவிட்டுக் கிளம்பினேன். பலனில்லை. ஐந்தாவது வீட்டில் எடுத்தபோதும் சுட்டது. பொத்தானைத் தொட்டவுடன் திரை எழுந்தது.

காட்பாடி ரயிலடி, பகல் 2.55

தொட்டவுடன் எழுந்தால் அது ஹைபர்னேட்டே ஆகவில்லை. ஹைபர்னேட்டிலிருந்து எழும்போது தயாரிப்பாளரின் சின்னம் வரும், சற்றுக் காத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இரண்டு பத்திகள் இருக்கும்: ஒன்று பேட்டரியில் ஓடும்போது, மற்றது மின்னிணைப்பில் இருக்கும்போது. எதை மாற்றினீர்கள்?

தறிக்கணக்கு, பகல் 3.20

மின்னிணைப்புக்கான பத்தியை மட்டும் மாற்றியிருக்கிறேன். காலையில் சார்ஜில் இருந்தது, அதனால் அதுதான் எனக்கு உரியது என்று நினைத்துவிட்டேன். பேட்டரிப் பத்தி ஸ்லீப்பிலேயே இருக்கிறது.

அறிக்கையும் எடுத்தேன், தம்பி. சிவப்புப் பட்டைகள் நிறைய. 10.40 மணியிலிருந்து 11.30 வரை 17 சதவீதம் குறைந்திருக்கிறது. அந்த 50 நிமிடத்தில் நான்கு முறை விழித்திருக்கிறது. தூங்கிய காரணம் எல்லாவற்றிலும் பவர் பொத்தான். விழித்த காரணம் என்ற இடத்தில் மவுஸ் என்று இருக்கிறது.

பாகாயம், பகல் 3.31

அக்கா, கம்பியில்லா மவுஸ் வைத்திருக்கிறீர்களா? அதன் ரிசீவர் டேப்லெட்டில் செருகியே இருக்கிறதா? மவுஸும் அதே பையில்தானா?

தறிக்கணக்கு, பகல் 3.38

மூன்றுக்கும் ஆம். விரலால் எண்களைத் தொடுவது சிரமம் என்று வாங்கினேன். தொலைந்துவிடும் என்பதால் ரிசீவரைக் கழற்றுவதே இல்லை.

பாகாயம், பகல் 3.52

கிடைத்துவிட்டது. குடியாத்தம் தெருக்களில் ஸ்கூட்டர் குலுங்கும்போதெல்லாம் பைக்குள் மவுஸ் அசைகிறது, டேப்லெட் விழிக்கிறது, யாரும் தொடாததால் சில நிமிடம் கழித்து மறுபடி தூங்கப் போகிறது, அடுத்த குழியில் மறுபடி விழிக்கிறது. பொத்தானின் மீது குற்றமே இல்லை. மவுஸின் அடியில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் பையில் போடுங்கள். மறந்துவிடுவீர்கள் என்றால், டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, கணினியை எழுப்ப அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். சில டேப்லெட்டுகளில் அந்தக் கட்டம் காட்டாது. அப்போது ரிசீவரைக் கழற்றுவதே வழி.

ஹைபர்னேட் வேலை செய்திருந்தால் இது வெளியே தெரிந்தே இருக்காது. நான் காலையில் வாதாடியது இதற்காகத்தான்.

காட்பாடி ரயிலடி, மாலை 5.30

தம்பி, காரணத்தைக் கண்டுபிடித்ததற்கு மனமாரப் பாராட்டுகிறேன். நான் மவுஸைப் பற்றி நினைக்கவே இல்லை. ஆனாலும் என் கருத்தை விடமாட்டேன். இன்று மவுஸ். நாளை வேறொரு செயலி, நாளை மறுநாள் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள். ஸ்லீப்பில் இருக்கும் டேப்லெட்டைத் தட்டியெழுப்பப் பல பேர் இருக்கிறார்கள். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் அறிக்கை எடுத்துப் படித்துக்கொண்டிருக்க முடியுமா? அவருக்குத் தறி எண்ணும் வேலை இருக்கிறது.

பாகாயம், மாலை 5.48

ஹைபர்னேட்டும் பூட்டுப் போட்ட பெட்டி இல்லை, ஐயா. பைக்குள் சாப்பாட்டு டப்பா பொத்தானை அழுத்தினால் ஹைபர்னேட்டில் இருக்கும் டேப்லெட்டும் எழும். சேமிப்பையும் பாருங்கள். ஹைபர்னேட் கோப்பு வழக்கமாக நினைவகத்தில் 40 சதவீத அளவு இடம் பிடிக்கும். இவருக்கு 1.6 ஜிபி. 64 ஜிபியில் விண்டோஸ் போக மீதி எவ்வளவு?

காட்பாடி ரயிலடி, மாலை 6.05

1.6 ஜிபி கொடுத்துப் பேட்டரியைக் காப்பாற்றலாம் என்றால் நான் கொடுப்பேன். புதிய பேட்டரியின் விலையை வாடிக்கையாளரிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பவன் நான்.

தறிக்கணக்கு, மாலை 7.15

ஹைபர்னேட்டிலிருந்து எழுப்பிப் பார்த்தேன், 34 விநாடி ஆகிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குப் போகும்போது அது கஷ்டம். தறியை நிறுத்திவிட்டு வந்து நிற்பவரைக் காக்க வைக்க மனம் வராது. நெல்லூர்பேட்டைப் பக்கம் போகவும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கும் ஐயா சொல்வதுதான் சரியாகப் படுகிறது. இரண்டையும் சேர்த்து வைக்க முடியாதா?

பாகாயம், மாலை 7.30

முடியும், அக்கா. பொத்தானை ஸ்லீப்பிலேயே விடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் உங்கள் திட்டத்தின் விரிவான அமைப்புகளைத் திறந்தால், ஸ்லீப் என்ற தலைப்பின் கீழ் இவ்வளவு நேரத்துக்குப் பின் ஹைபர்னேட் என்று ஒரு வரி இருக்கும். பேட்டரிக்கு நேரே 20 நிமிடம் என்று கொடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு, ஹைபர்னேட், ஆன் என்று ஒருமுறை தட்டிவிட்டுப் பாருங்கள்.

காட்பாடி ரயிலடி, மாலை 7.41

20 அதிகம், 10 வையுங்கள். அமைப்பை மாற்றியதும் ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் முழுதாக அணைக்காது. விண்டோஸின் உட்கருவைச் சேமித்து வைத்து, மறுபடி அதையே எழுப்பும். ரீஸ்டார்ட்தான் முதலிலிருந்து தொடங்கும்.

தறிக்கணக்கு, திங்கள் இரவு 8.20

மவுஸ் சுவிட்சை அணைத்தேன், ரிசீவரையும் கழற்றிப் பையின் ஜிப் பாக்கெட்டில் வைத்தேன். ஹைபர்னேட் நேரம் 15 நிமிடம். இன்று பன்னிரண்டு வீடுகள் முடிந்தபோது 58 சதவீதம் மீதி. டேப்லெட் வெதுவெதுப்பாக இருந்தது, சுடவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்த அம்மாவின் கணக்கை முதலில் முடித்துக் கூலியைக் கையில் கொடுத்துவிட்டேன்.

காட்பாடி ரயிலடி, இரவு 8.34

மகிழ்ச்சி அம்மா. ஸ்கூட்டர் பெட்டியில் மட்டும் இனி வைக்காதீர்கள், தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். தம்பி, அடுத்த பெரிய அப்டேட் வந்த பிறகு அவரிடம் அந்த அறிக்கையை மறுபடி கேட்டு வாங்குங்கள். சிவப்புப் பட்டை ஒன்று இருந்தாலும் பொத்தானை ஹைபர்னேட்டுக்கு மாற்றச் சொல்லி மறுபடி வருவேன்.

பாகாயம், இரவு 8.40

கட்டாயம் கேட்கிறேன், ஐயா. சிவப்பு இருந்தால் முதலில் காரணத்தைத் தேடுவோம்.