பிறர் ஓவியத்தைக் காட்டி "இதேபோல் வேண்டும்" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி

வணக்கம். புத்தக அட்டை, பொருள்களுக்கான உறை, நிறுவனச் சின்னம் போன்றவற்றை வடிவமைத்துத் தரும் சிறிய கூடம் ஒன்றை நடத்துகிறேன். நிரந்தரமாக இருப்பது நான் மட்டுமே. வேலை மிகும்போது வெளியிலிருந்து ஓர் ஓவியர் வந்து கைகொடுப்பார். நேர்மையாகத் தொழில் செய்வதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஆனால் எது நேர்மை என்பதில் இரண்டு இடங்களில் தெளிவு இல்லை. அண்மையில் ஒரு வாடிக்கையாளர் இணையத்தில் கண்ட ஓர் ஓவியத்தை அனுப்பி, "இதையே வரைந்து, நிறத்தையும் முகத்தையும் சற்று மாற்றிவிடுங்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை" என்றார். முப்பது விழுக்காடு மாற்றினால் போதும், சட்டச் சிக்கல் வராது என்று தொழிலில் உள்ள சிலரும் சொல்கிறார்கள். அது உண்மையா? இரண்டாவது கேள்வி, வாடிக்கையாளர் பணம் தரத் தாமதிக்கும்போது ஓவியருக்கு நான் என் கையிலிருந்து கொடுக்க வேண்டுமா, அல்லது பணம் வந்தபின் கொடுத்தால் போதுமா?

மறுமொழி 1

முப்பது விழுக்காடு என்பது நம் தொழிலில் நெடுநாளாக உலவும் கட்டுக்கதை. அப்படி ஓர் அளவுகோல் எந்தப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இருப்பதாக நான் அறியவில்லை. ஒரு படைப்பிலிருந்து எவ்வளவு மாற்றினீர்கள் என்பதைவிட, அதன் முதன்மையான பகுதியை எடுத்துக்கொண்டீர்களா என்பதுதான் கேள்வியாக வரும். 1886-இல் உருவான பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் பதிப்புரிமை கிடைக்கப் பதிவு எதுவும் தேவையில்லை என்பதால், படத்தின் மூலையில் பெயரோ குறியோ இல்லை என்பதை வைத்து அது பொதுச்சொத்து என்று முடிவுகட்ட முடியாது.

அதே நேரத்தில் பாணி யாருக்கும் தனிச்சொத்து அல்ல. தடித்த கோடு, இரண்டே நிறம், பெரிய வெற்றிடம் ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் கையாளலாம். குறிப்பிட்ட அந்தப் பெண் குறிப்பிட்ட அந்தச் சாய்வில் குறிப்பிட்ட அந்தக் குடையோடு நிற்பதுதான் அந்த ஓவியருடையது. ஆகவே வாடிக்கையாளரிடம் "முடியாது" என்று தொடங்குவதைவிட, "இந்தப் படத்தில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் அவர் விரல் வைப்பது உருவத்தின் மீதாக இருக்காது. நிறங்களின் அமைதியையோ, தலைப்புக்கு மேலே விட்ட இடத்தையோதான் காட்டுவார். அவர் சொல்வதைச் சொற்களில் குறித்துக்கொண்டு, படத்தை மூடிவிட்டு வரையுங்கள். திரையின் ஓரத்தில் அந்தப் படம் திறந்தே இருந்தால், எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும் கை அந்தப் பக்கமே போகும்.

அந்த ஓவியமேதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், அதை வரைந்தவரிடம் உரிமம் கேட்டு வாங்கித் தருவதாகச் சொல்லி, அந்தச் செலவையும் உங்கள் உழைப்புக்கான தொகையையும் தனித்தனியாகக் குறித்துக் கொடுங்கள்.

மறுமொழி 2

நான் கேள்வியில் வரும் அந்த வெளி ஓவியரின் இடத்தில் இருப்பவன் என்பதால் இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஓவியரை வேலைக்கு அழைத்தவர் நீங்கள்; வாடிக்கையாளர் யார், எப்போது பணம் தருவார், பேரம் பேசுவாரா என்பதெல்லாம் அவர் அறியாத, தலையிடவும் முடியாத செய்திகள். அந்த இடரை அவர் தலையில் வைத்துவிட்டு இலாபத்தை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்வது கணக்குக்கே ஒவ்வாது. முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். அந்த முன்பணம் ஓவியரின் கூலியையாவது ஈடுகட்டும் அளவில் இருக்கட்டும். வந்தவுடன் அவருக்குரியதைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். வேலை பாதியில் நின்றுபோனால் அதுவரை வரைந்ததற்கு எவ்வளவு என்பதையும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுவது நல்லது.

இன்னொன்று. நீங்கள் ஓவியரிடம் வாங்குவது எது? அட்டைக்காக வரைந்த படத்தை வாடிக்கையாளர் பிறகு பைகளிலும் விளம்பரப் பலகைகளிலும் அச்சிடலாமா, எத்தனை ஆண்டுகளுக்கு, என்பதை எழுதாமல் விட்டால் பின்னால் மனக்கசப்பில்தான் முடியும். பெர்ன் உடன்படிக்கையின் 6bis பிரிவின்படி, பொருளாதார உரிமைகளை, அதாவது படைப்பைக் கொண்டு பணம் ஈட்டும் உரிமைகளை, விற்றுவிட்ட பிறகும் தான்தான் படைத்தவர் என்று உரிமை கோரும் வாய்ப்பு ஓவியருக்கு உண்டு. எனவே பெயர் போடுவதைப் பணத்துக்குப் பதிலான சலுகையாக நினைக்காதீர்கள். "பெயர் கிடைக்குமே" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இழை நீண்டுவிடும்.

மறுமொழி 3

முந்தையவர் சொன்னதில் எனக்குச் சிறு மறுப்பு உண்டு. எல்லா வேலைக்கும் முன்பணம் வாங்கும் வலு தொடக்க நிலையில் இருப்பவருக்கு இருக்காது. அந்த நிலையில் ஓவியரிடம் மறைக்காமல், "இது வாடிக்கையாளர் பணம் வந்தபின் தரும் ஏற்பாடு, ஆனாலும் இந்தத் தேதியைத் தாண்டினால் நானே தந்துவிடுவேன்" என்று சொல்லி, அதற்கு அவர் சம்மதித்தால் அதில் குற்றம் இல்லை. வேலை முடிந்தபின் அந்த நிபந்தனையைப் புதிதாகச் சொல்வதுதான் தவறு.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சிறு கூடங்கள் வழுக்குவது அடிக்கடி இங்கேதான். உங்கள் கணினியில் உள்ள எழுத்துருக்களின் உரிமத்தைத் திறந்து பாருங்கள். "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்று குறித்த எழுத்துருவைக் கட்டணப் பணியில் பயன்படுத்தக் கூடாது. எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் (SIL Open Font License) என்ற கட்டற்ற உரிமத்தில் உள்ளவற்றை வணிகப் பணிகளில் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கத்தான் அதில் தடை. படைத்தவரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விட்டிருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமப் படங்களிலும் வணிகத்துக்கு அல்லாதது என்ற நிபந்தனையைப் பார்க்காமல் எடுத்துவிடுகிறோம். பதிவிறக்கிய நாளில் உரிமப் பக்கத்தையும் சேர்த்து அதே கோப்புறையில் போட்டுவைத்தால், பின்னர் வாடிக்கையாளர் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது. ஏஐ கொண்டு உருவாக்கிய பகுதி இருந்தால் அதையும் ஒப்படைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அத்தகைய பகுதிக்குப் பதிப்புரிமை கிடைக்குமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், தான் வாங்குவது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வாடிக்கையாளரிடம் பேசினேன், அவருக்குப் பிடித்தது அந்தப் படத்தின் மங்கிய பச்சை நிறம்தானாம். புதிய கோட்டோவியத்துக்கு ஒப்புக்கொண்டார். பின்னொரு முறை உரிமம் வாங்கும் நிலை வந்தால், படத்தில் பெயரே இல்லாதபோது வரைந்தவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுமொழி 1

படத்தைக் கொடுத்தே தேடும் வசதி தேடுபொறிகளில் இருக்கிறது. கிடைப்பவற்றுள் மிகப் பெரிய அளவில் உள்ள படத்தையும், மிகப் பழைய தேதி கொண்ட பக்கத்தையும் முதலில் பாருங்கள். வெட்டிப் பகிர்ந்த படிகளில் மறைந்துபோன கையொப்பம் பெரும்பாலும் அங்கே முழுதாக இருக்கும். அப்படியும் கிடைக்கவில்லையென்றால் அந்தப் படத்தைத் தொடாதீர்கள்.