ரெட்கான்: ‘முன்கதைத் திருத்தம்’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம். முன்பு சொன்ன கதைக்குப் பின்னால் வரும் கதை புதுப் பொருள் தருவதை ஆங்கிலத்தில் ரெட்கான் (retcon, ‘retroactive continuity’ என்பதன் சுருக்கம்) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> ரெட்கானுக்கு ‘முன்கதைத் திருத்தம்’ போதுமே. கேட்டவுடன் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுவதுதான் திருத்தம். ரெட்கானில் பழைய படத்தில் யாரும் கை வைப்பதில்லை. பின்னால் வரும் படம் அதற்குப் புதுப் பொருள் ஏற்றிவிடுகிறது.

ஸ்டார் வார்ஸின் 1977 படத்தில், நாயகன் லூக்கின் தந்தையைக் கொன்றவன் வில்லன் டார்த் வேடர் என்கிறார் லூக்கின் குரு ஓபி-வான். 1980 படத்தில் வேடரே தந்தை என்று தெரியவருகிறது. 1983 படத்தில் ஓபி-வான், ஒரு கோணத்தில் தான் சொன்னதும் உண்மைதான் என்று விளக்குகிறார். வெறும் சப்பைக்கட்டு என்று இன்றும் குமுறும் ரசிகர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில்லை. தந்தை எப்படி இறந்தார் என்று லூக் கேட்டதும், ஓபி-வானாக நடித்த அலெக் கின்னஸ் ஒரு கணம் பேசாமல் இருப்பதைக் கவனியுங்கள். முதலில் பார்த்தவர்களுக்கு அது துயரம். வேடர் யாரென்று அறிந்தவர்களுக்கு, உண்மையை மறைக்கும் மனிதனின் தயக்கம். காட்சியில் ஒரு நொடிகூட மாறவில்லை.

கடத்தல்காரன் ஹான் சோலோ, அவனைப் பிடிக்க வந்த கிரீடோ ஆகியோரின் விவகாரத்தையும் ரெட்கான் கணக்கில் சேர்க்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். 1977இல் ஹானின் ஒரு கை சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்க, மறு கை மேசைக்கடியில் துப்பாக்கியை உருவுகிறது. அவன் மட்டுமே சுடுகிறான். 1997 பதிப்பில் கிரீடோ முந்திச் சுடுவதாகப் படத்தையே மாற்றினார்கள். இதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் பாடவேறுபாடு, இடைச்செருகல் என்ற சொற்களைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கிரீடோ சுடுவது அப்பட்டமான இடைச்செருகல், அதுவும் பாத்திரத்தைக் கெடுக்கும் செருகல். தன் உயிரும் பணமும் மட்டுமே பெரிதென்று இருந்த கடத்தல்காரன் கடைசிப் போரில் லூக்குக்காகத் திரும்பி வருவதுதான் அந்தப் படத்தின் உயிர். அவனை முதலிலேயே நல்லவனாக்கிவிட்டால் அந்தத் திரும்புதலுக்கு என்ன மதிப்பு?

ஆகவே ரெட்கானுக்கு ‘பின்பொருளேற்றம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வினையாகவும் வரும்: “ஓபி-வானின் பேச்சுக்குப் பின்பொருளேற்றினார்கள்.” நீளம் என்பவர்கள் ‘பின்பொருள்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘பின்னோக்குத் தொடர்ச்சி’ என்ற இன்னொரு பரிந்துரை ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே விளங்கும், விட்டுவிடலாம்.

‘கதைப்புரட்டு’ என்று ஒரு தோழர் எழுதியதையும் மறுக்கிறேன். கலைச்சொல்லே தீர்ப்புச் சொல்லக் கூடாது. லேயா லூக்கின் உடன்பிறந்தவள் என்று 1983இல் சொன்னதும், 1980 படத்தில் அவள் லூக்குக்குக் கொடுத்த முத்தம் சங்கடமாகிப்போனது. அது மோசமான பின்பொருளேற்றம். வேடருடையது அருமையான பின்பொருளேற்றம். இரண்டையும் சொல்ல இந்த ஒரே சொல் போதும்.

மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டுடன் எழுதுங்கள்.