தீபாவளி, கார்த்திகை, பொங்கல், சித்திரை: இனிப்புக் கடை விளம்பரங்களுக்குப் படத்தோற்றம் திட்டமிடுவது எப்படி?

குடந்தை_இனிப்பு:

வணக்கம். கும்பகோணத்தில் 3 கிளைகள் உள்ள இனிப்பு, காரக் கடைக்கு ஓராண்டு விளம்பரப் படங்களை ஒரே மூச்சில் திட்டமிட வேண்டும். தீபாவளி, கார்த்திகை, பொங்கல், சித்திரை வெயில் என நான்கு தொகுப்பு. நாளிதழில் கால் பக்கம், கடை வாசலில் ஃப்ளெக்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றுக்கும் இதே படங்கள்தான் போகும்.

இப்போது இருக்கும் படங்களில் மூன்று குறைகள். தீபாவளி விளம்பரமும் கார்த்திகை விளம்பரமும் பார்க்க ஒன்றாகவே இருக்கின்றன. லட்டும் மைசூர்பாகும் பின்னணி மஞ்சளோடு கலந்து தனியாகத் தெரியவில்லை. திரையில் பளிச்சென்று இருந்த படம் நாளிதழில் அழுக்காக, கறுத்துப்போய் வந்தது.

கையில் ஒரு கேமரா, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், நிற வெப்பநிலை மாற்றக்கூடிய எல்.இ.டி. விளக்கு 2, ஸ்டாண்டு, தெர்மாகோல் அட்டைகள் உண்டு. ஆவணி முதல் வாரத்தில் 2 நாள் ஒதுக்க முடியும். எதை மாற்றாமல் வைக்க வேண்டும், எதைப் பண்டிகைக்குப் பண்டிகை மாற்ற வேண்டும்?

ஒளிக்கோணம்:

முதல் குறைக்குக் காரணம் அகல் விளக்குதான். தமிழ்நாட்டு வீடுகளில் வாசல் நெடுக அகல் ஏற்றுவது கார்த்திகைக்கு. நம் தீபாவளி விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் தொடங்குகிறது. ஸ்டாக் படங்களில் கிடைப்பதோ பெரும்பாலும் வட இந்தியத் தீபாவளி: சாயங்காலம், அகல் வரிசை, வண்ண ரங்கோலி. அதை எடுத்து ஒட்டினால் நம் ஊர் வாடிக்கையாளருக்கு அது கார்த்திகையாகத்தான் படும்.

எனவே பொழுதை முதலில் முடிவு செய்யுங்கள், நிறம் தானாகப் பின்னால் வரும். தீபாவளிக்கு விடியற்காலை 4 மணி, பொங்கலுக்குச் சூரியன் ஏறும் நேரம், சித்திரைக்கு உச்சி வெயில், கார்த்திகைக்கு விளக்கு வைக்கும் நேரம். வெளிச்சம் எந்த உயரத்திலிருந்து வருகிறது, நிழல் எவ்வளவு நீளம், எவ்வளவு கூர்மை என்பதெல்லாம் இதிலேயே அடங்கிவிடும்.

தீபாவளி: அறைக்குள் ஒரே ஒரு குத்துவிளக்கு. நாச்சியார்கோயில் உங்களுக்குப் பக்கம்தான், உச்சியில் அன்னம் வைத்த விளக்காக எடுங்கள். கேமராவில் ஒயிட் பேலன்ஸ் (எந்த வெளிச்சம் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்ற அமைப்பு) 3800 கெல்வின். ஜன்னல் பக்கத்து எல்.இ.டி.யை 5600இல் வைத்தால் அது விடியல் நீலமாக விழும். தட்டுக்கு மேலே வரும் இரண்டாவது விளக்கு 3200இல், தணிந்த அளவில். சுடர் தெரிய வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 640, எஃப் (லென்ஸ் துளை அளவு) 4, 1/60 விநாடி என்று தொடங்கிப் பாருங்கள். எஃப் 11 வரை மூடினால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டிவரும், அரக்கு நிற நிழலெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். பித்தளையில் எல்.இ.டி. சதுரம் வெள்ளைத் திட்டாகத் தெரிவது தொல்லை. விளக்குக்கும் பித்தளைக்கும் நடுவே குறைந்தது 3 அடி அகல ட்ரேசிங் பேப்பரைத் தொங்கவிட்டால் அந்தத் திட்டு நீண்ட மென்மையான பட்டையாகிவிடும்.

பொங்கல்: ஒரே விளக்கு, முன்னால் எதுவும் மறைக்காமல், 4 மீட்டர் தள்ளி, மேசையிலிருந்து 20 டிகிரி உயரத்தில். விளக்கு 4300, கேமரா 5500. நிழல் நீண்டு, விளிம்பு கூர்மையாக விழும், அதுதான் காலை வெயில். இதற்கு சாஃப்ட் பாக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) போட்டால் வெயிலே காணாமல் போகும். நிழல் பக்கம் முழுக்க இருண்டால் வெள்ளைத் தெர்மாகோலை 2 அடி தூரத்தில் வையுங்கள், அதற்கு மேல் நெருங்க வேண்டாம்.

சித்திரை: விளக்கு பின்பக்கம் 60 டிகிரி உயரத்தில், 5600. நீர்மோர், பானகம், நுங்கு எல்லாம் பின்னொளியில்தான் உயிர் பெறும். தம்ளருக்குப் பின்னால் தம்ளர் அளவுக்கே வெட்டிய வெள்ளை அட்டையைச் சாய்த்து மறைத்துவைத்தால் பானகம் உள்ளிருந்து ஒளிர்வது போல இருக்கும். வியர்வைத் துளிக்கு கிளிசரினும் தண்ணீரும் சமமாகக் கலந்து வெளிப்புறத்தில் மட்டும் தெளியுங்கள்.

மாறாதவை: ஒரே பித்தளைத் தட்டு, லோகோ எப்போதும் ஒரே மூலையில், ஒரே எழுத்துரு, தின்பண்டம் படத்தின் பாதிக்குக் குறையாமல். பண்டிகையைச் சொல்லும் பொருள் படத்துக்கு இரண்டு மட்டும். தீபாவளிக்குக் குத்துவிளக்கும் எண்ணெய்க் கிண்ணமும் போதும். பட்டாசு, புத்தாடை, லேகியம் எல்லாவற்றையும் கூட்டினால் லட்டு நான்காவது ஆளாகிவிடும்.

குடந்தை_இனிப்பு:

நன்றி சார். ஒரு சந்தேகம்: தீபாவளிக்கு நீலமும் சுடர் மஞ்சளும், கார்த்திகைக்கும் அதே நீலமும் மஞ்சளும். திரும்பவும் இரண்டும் ஒன்றாகிவிடாதா?

ஒளிக்கோணம்:

சரியான கேள்வி. அளவில்தான் பிரிக்க வேண்டும். தீபாவளியில் நீலம் ஜன்னல் துண்டு மட்டும், படத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நெருக்கமான படம், ஒரு பெரிய சுடர். கார்த்திகையில் திண்ணை, மேலே திறந்த வானம், பாதிப் படம் நீலம், சின்னச் சுடர்கள் பல. கார்த்திகையை வீட்டுக்குள் எடுக்கவே எடுக்காதீர்கள். சூரியன் மறைந்த பின் 15 முதல் 25 நிமிடம் வரைதான் வானமும் அகலும் ஒரே எக்ஸ்போஷரில் (ஒளி அளவு அமைப்பில்) அடங்கும். பொரி உருண்டைத் தட்டு, சட்டகம், ஃபோகஸ் எல்லாவற்றையும் முன்பே வைத்துவிட்டு அகலை மட்டும் கடைசியில் ஏற்றுங்கள். திரி நீளமாக இருந்தால் புகைந்து சுடர் சிவந்துவிடும், கால் அங்குலம் வெளியே நின்றால் போதும்.

பாகுபதம்:

வெளிச்சத்தைப் பற்றி மேலே சொன்னது சரி. பண்டத்தின் பக்கத்தைச் சொல்கிறேன், பாதிப் படம் கெடுவது அங்கேதான்.

ஏ.சி. அறையில் நெய் உறையும். அல்வா, நெய் மைசூர்பாகு இரண்டின் மேலும் 10 நிமிடத்தில் வெள்ளைப் படலம் ஏறி, பழைய சரக்கு போல ஆகிவிடும். ஏ.சி.யை 27இல் வையுங்கள். அப்படியும் படர்ந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளி, 5 விநாடி காட்டினால் தெளியும். அல்வாவைப் படம் எடுக்கிற நிமிடத்தில்தான் தட்டில் இறக்க வேண்டும், மேலே உருக்கிய நெய் ஒரு தடவல்.

மைசூர்பாகில் இரண்டு சாதி. பொரபொரவென்று துளை விட்டது என்றால் கத்தி படக் கூடாது. கையால் உடைத்த முகத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்துக்குக் காட்டினால் ஒவ்வொரு துளையும் தெரியும், அதுதான் அதற்கு அழகு. நெய் மைசூர்பாகுக்கு நேர்மாறு: சூடான கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும்.

ஜாங்கிரி காய்ந்தால் விளிம்பில் சர்க்கரை பூத்து வெளுத்துவிடும். இளம் பாகில் கொஞ்சம் திரவ குளுக்கோஸ் கலந்து வெதுவெதுப்பாகப் பிரஷ்ஷில் தடவினால் பூக்காது, பளபளப்பும் நிற்கும். லட்டு 30 பிடித்தால் 5தான் கேமராவுக்குத் தேறும்: பூந்தி ஒரே அளவு, முந்திரி முன்பக்கம், பிளவு இல்லாதது. லட்டைக் கண் மட்டத்தில் எடுங்கள். தலைக்கு மேலிருந்து எடுத்தால் உருண்டை வெறும் வட்டமாகிவிடும். முறுக்குக்கு மட்டும் மேலிருந்து பார்க்கும் கோணம் ஒத்துவரும், சுற்று தெரியும். முறுக்கைக் கடைப் பதத்துக்குச் சற்று முன்னாலேயே எண்ணெயிலிருந்து எடுத்துவிடுங்கள், படத்தில் ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்துதான் வரும். முந்திரி கத்லிக்கு வெள்ளித்தாளை மேசையிலேயே ஒட்டுங்கள், கொண்டுவரும் வழியில் விரல் பட்டால் ரேகை அப்படியே நிற்கும்.

வாழை இலை வைப்பதாக இருந்தால் நுனி, சாப்பிடுகிறவரின் இடப்பக்கம். மறுபக்கம் வைத்த ஒரு விளம்பரத்தைப் பாட்டிமார் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். மஞ்சள் பண்டத்தை நேரே இலைமேல் வைத்தால் அடிப்பக்கம் பச்சை பாயும், லட்டு அழுகினாற்போல் தெரியும். தட்டு அல்லது தொன்னை ஒன்றை நடுவில் வையுங்கள்.

உங்கள் இரண்டாவது குறைக்கு: லட்டு, மைசூர்பாகு, ஜாங்கிரி மூன்றுக்கும் அரக்கு நிறப் பட்டு அல்லது கருத்த மரப்பலகை. கத்லிக்குக் கரும்பச்சை. மஞ்சள் பண்டத்துக்கு மஞ்சள் பின்னணி வேண்டவே வேண்டாம், மங்களகரம் என்று யார் சொன்னாலும் மஞ்சளை எழுத்துப் பட்டையில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஆவணியில் எல்லாவற்றையும் எடுக்க முடியாது. பொங்கலுக்கு நாம் வைப்பது கருநாவல் தோல் உள்ள செங்கரும்பு, அது மார்கழிக் கடைசியில்தான் சந்தைக்கு வரும். ஸ்டாக்கில் கிடைப்பது பச்சைத் தோல் ஆலைக் கரும்பு. அதை வைத்தால் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒருவரும் ஏற்க மாட்டார்கள். இலையோடு கூடிய மஞ்சள் கொத்தும் அப்படித்தான். நுங்கும் மாம்பழமும் பங்குனிக் கடைசியிலிருந்துதான். ஆவணி 2 நாளில் தீபாவளி முழுவதையும், கார்த்திகைத் தொகுப்பின் பொரி உருண்டைப் படத்தையும், மற்றவற்றுக்குப் பொதுவான பண்டப் படங்களையும் முடியுங்கள். பொங்கலுக்கு மார்கழிக் கடைசி வாரத்தில் ஒரு காலை, வெயிலுக்குப் பங்குனிக் கடைசியில் அரை நாள் தனியாக ஒதுக்குங்கள்.

அச்சுமை:

நாளிதழில் கறுத்ததற்கு விடை: செய்தித்தாள் மையை உறிஞ்சும், அச்சுப் புள்ளி ஒவ்வொன்றும் விரிந்து பெரிதாகும். நடுத்தர நிறச்சாயல்களை முன்கூட்டியே வெளுப்பாக்காமல் அனுப்பியிருப்பார்கள். நான்கு மையும் சேர்ந்து 240 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அரக்குப் பின்னணிக்கு சியான் 30, மஜெந்தா 95, மஞ்சள் 70, கருப்பு 35 என்று வைத்தால் கூட்டு 230தான், நிறமும் நிற்கும். ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் சாயல் (கிரேடியன்ட்) வேண்டாம், தட்டை நிறமாகவே விடுங்கள். ஆர்.ஜி.பி.யில் (திரை நிறமுறை) எரியும் லட்டு ஆரஞ்சு, சி.எம்.ஒய்.கே.யில் (அச்சு மை நிறமுறை) மங்கும். வாடிக்கையாளரிடம் காட்டும் முதல் மாதிரியையே அச்சு நிறமுறைக்கு மாற்றிக் காட்டினால் பிறகு சண்டை வராது.

எழுத்து: கறுப்பு எழுத்துக்குக் கருப்பு மை மட்டும் 100. அரக்கின்மேல் வெள்ளை எழுத்து என்றால் தடித்ததாக, 14 புள்ளிக்குக் குறையாமல். நான்கு நிறமும் துளி விலகினாலே ண, ஞ, றி போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துவிடும். ஃபோட்டோஷாப்பில் யூனிகோடு தமிழைத் தட்டும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்க் குந்தினால், பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். எழுத்து இடைவெளியைக் கூட்டி அழகு பார்க்காதீர்கள், துணைக்கால் தனியாகப் பிரிந்து நிற்கும். ஃப்ளெக்ஸில் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது கணக்கு, தமிழுக்கு ஒன்றரை வையுங்கள். ஸ்டேட்டஸ் படம் 1080க்கு 1920. மேலே 250, கீழே 350 பிக்சலில் விலையோ லோகோவோ வராமல் பாருங்கள், செயலியின் பொத்தான்கள் மறைத்துவிடும்.

வாசகத்திலும் கவனம் வேண்டும். உணவு விளம்பரங்களுக்கான 2018 விதிமுறைகள்படி, வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கும் வகையில் ‘வீட்டில் செய்தது’ என்று போட முடியாது. ‘ஃப்ரெஷ்’ என்ற சொல் கழுவி, தோலுரித்து, நறுக்கி, குளிரவைத்தது போன்ற மிகக் குறைந்த கையாளலுக்குத்தான், பொரித்துப் பாகில் போட்ட ஜாங்கிரிக்குப் பொருந்தாது. ‘இன்று காலை செய்தது’ என்று உண்மையானால் அப்படியே எழுதுங்கள். படத்தில் இருக்கும் அரைக் கிலோ பெட்டியில் எத்தனை துண்டு தெரிகிறதோ அத்தனைதான் கடைப் பெட்டியிலும் இருக்க வேண்டும்.

குடந்தை_இனிப்பு:

எல்லோருக்கும் நன்றி. பொங்கல் பானை பொங்கி வழியும் அந்த ஒரு படத்தை எப்படிப் பிடிப்பது? அதுதான் எங்கள் முகப்புப் படம்.

பாகுபதம்:

நுரை விளிம்பில் நிற்பது சில விநாடிதான். அதனால் ஒரே முறையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், 5 முறை பொங்கவைக்கப் பாலை எடுத்துவையுங்கள். ஒரே மாதிரி 2 பானை வேண்டும்: வழிந்த பால் பக்கத்தில் தீய்ந்து பழுப்பாகிவிடும், அதைத் தேய்த்துக் கழுவும் நேரத்தில் மற்றது அடுப்பில் இருக்கட்டும். பாலோடு அரிசி களைந்த நீரையும் சேர்த்துப் பானையில் முக்கால் அளவு ஊற்றுங்கள். அரிசி இப்போது போடாதீர்கள், நுரை கலங்கும். கேமரா விளிம்புக்கு ஒரு விரல் மேலே, ஃபோகஸ் முன்பக்க விளிம்பில் பூட்டி, 1/500 விநாடியில் தொடர் படம். நுரை கழுத்துக்கு வரும்போதே பொத்தானை அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும். ஆவியும் தெரிய வேண்டுமானால் பின்னால் இருண்ட சுவர், வெயில் பின்பக்கவாட்டில். விறகுத் தீ ஒரு பக்கம் தாவும், மஞ்சள் கொத்தின் இலை அந்தப் பக்கம் தொங்கினால் கருகிச் சுருண்டுவிடும். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, கொத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டுங்கள்.