பழைய கார் விசர் ஆருக்கு இருக்கு?

கிளிநொச்சிப் பொடியன்:
எனக்கு மொறிஸ் மைனர் எண்டால் உயிர், 1948ல வந்த கார், அலெக் இசிகோனிஸ் டிசைன் பண்ணினது, பிறகு 1959ல மினியும் அவற்ற வேலைதான். அந்த உருண்ட மூக்குக்கு முன்னால இப்பத்த எஸ்யூவியள் எல்லாம் ஒரே அச்சில வாத்த மாதிரிக் கிடக்கு. உங்களுக்கு பழசோ புதுசோ?

மாங்குளத்தான்:
தம்பி நான் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார் ஆள். யுத்த காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாமல் இஞ்ச மண்ணெண்ணெயிலதான் ஓடினது, காபரேற்றருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி எஞ்சின் சூடானாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. கொம்பிரஷன் குறைஞ்ச எஞ்சின் எண்டபடியால் தாங்கினது, மணம்தான் தாங்கேலாது.. இப்பத்த காருக்கு உதைச் செய்து பாருங்கோவன், எரிபொருள் பீச்சிற இன்ஜெக்டர் போச்சு.

பரந்தன் சந்தி:
அண்ணை சொல்லுறது சரிதான், ஆனா ஏ9 றோட்டில வவுனியாக்கு போய்வாற எனக்கு ரொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் கார்தான் வேணும். ஏசி, சத்தமில்லை, பிரேக் பிடிக்கேக்க பற்றரி சார்ஜாகும். 2020ல நிப்பாட்டின வாகன இறக்குமதியை 2025லதான் விட்டவங்கள், வரியோட விலை கேட்டா தலை சுத்துது.

கிளிநொச்சிப் பொடியன்:
மைனர் ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன், அடித்தட்டு கறல். எடுக்கலாமோ?

மாங்குளத்தான்:
அதுக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லை தம்பி, காரின்ர பொடிதான் (உடல்) முழுப் பாரமும் தாங்கிறது. கறலை வெட்டி வெல்டிங் பண்ணாமல் பெயின்ற் மட்டும் அடிச்சிருந்தா விட்டிடுங்கோ. பாட்ஸ் இங்கிலாந்தில இப்பவும் புதுசா விக்கிறாங்கள், சொந்தக்காரர் ஆரும் வந்தா கொண்டுவரச் சொல்லுங்கோ.