'காமென்சல்' – கண்பரப்பில் வாழும் பாக்டீரியாவுக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

கண் மருத்துவ உதவியாளர் பயிற்சிக் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல் இழுபறியில் இருக்கிறது. நோயற்ற கண்ணின் மேற்பரப்பில் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியாவை மூலம் ஓரிடத்தில் 'நார்மல் ஃப்ளோரா' என்கிறது, இன்னோரிடத்தில் 'காமென்சல்' என்கிறது. சொல் வந்து உட்கார வேண்டிய இடங்கள் (இமையிணைப்படலம் என்பது இமையின் உட்புறத்தையும் கண்ணின் வெண்பகுதியையும் மூடும் மெல்லிய சவ்வு):

"ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், கோரினிபாக்டீரியம், கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் ஆகியவை இமையிணைப்படலத்தின் ____."

"கண்புரை அறுவைக்கு முன் 5% போவிடோன் அயோடின் விட்டு 3 நிமிடமாவது காத்திருப்பது ____ எண்ணிக்கையைக் குறைக்கவே."

"வளர்சோதனையில் ____ வளர்ந்ததை வைத்தே நோய்க்காரணி என்று முடிவு கட்டக் கூடாது."

முன்வரைவில் 'இயல்புத் தாவரம்' என்றிருக்கிறது.
– ந.

*

தாவரம் கூடவே கூடாது. பாக்டீரியாவைத் தாவரங்களோடு சேர்த்து எண்ணிய காலத்து மிச்சம் அது. மேலும் தாவரம் 'ஸ்தாவரம்' வழி வந்தது, நிலைத்து நிற்பது என்று பொருள். தமிழில் நிலைத்திணை. இமை துடைத்து, கண்ணீர் கழுவி, மூக்கு வழியே வடித்துவிடும் இடத்தில் எது நிலைத்து நிற்கும்?

காமென்சல் இலத்தீனில் ஒரே மேசையில் உண்பவர். ஆகவே 'உடனுண்ணி'. ஒட்டுண்ணி, சாறுண்ணி வரிசையில் பிசகில்லாமல் அமரும். கூடவே ஒரு விண்ணப்பம்: பாக்டீரியா கிரேக்கத்தில் சிறுகோல். 'கோலுயிரி' என்று எழுதலாமே.
– செ.

*

செ. ஐயா, ஸ்டெஃபைலோகாக்கஸ் உருண்டை. 'உருண்டைக் கோலுயிரி' என்று வகுப்பில் எப்படிச் சொல்வது? பாக்டீரியா பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல், விட்டுவிடுங்கள்.

உடனுண்ணியில் இன்னும் பெரிய சிக்கல். இமைமயிர்க் குழியில் டெமோடெக்ஸ் என்னும் எட்டுக்கால் உண்ணி உண்மையாகவே வாழ்கிறது. இமை அழற்சிப் பாடத்தில் அதற்கு 'இமையுண்ணி' என்று வைத்தாயிற்று. இரண்டு பக்கம் தள்ளி உடனுண்ணி வந்தால் மாணவர் இதையும் அதன் இனமென்றே கொள்வார். நோயாளியிடம் "உங்கள் கண்ணில் உடனுண்ணி" என்றால் இரவெல்லாம் கண்ணைக் கசக்குவார்.

உணவு உருவகமும் கண்ணுக்குப் பொருந்தவில்லை. கண்ணீரின் லைசோசைம் செல்சுவரை உடைக்கிறது, லாக்டோஃபெரின் இரும்பைப் பூட்டிவைக்கிறது. 2016-இல் வெளியான அளவீட்டில், மனித ஆக்டின் மரபணுப் படி ஒன்றுக்குப் பாக்டீரியாவின் அளவைக் காட்டும் 16எஸ் மரபணுப் படி இமையிணைப்படலத்தில் 0.05தான். முகத்தோலில் 12, கன்னத்தின் உட்புறத்தில் 16. இதைப் பந்தி என்று சொல்ல முடியாது.
– மீ.

*

'நல்லுயிரி'? 2017-இல் எலிக்கண்ணில் கோரினிபாக்டீரியம் மாஸ்டிடிடிஸ் நோயெதிர்ப்பைத் தூண்டி, கேண்டிடா, சூடோமோனாஸ் தொற்றுகளைத் தடுத்ததாகக் காட்டினார்களே.
– பா.

*

ஏற்க முடியாது. அறுவைக்குப் பின் விழிக்குள் வரும் எண்டாஃப்தல்மைட்டிஸ் என்னும் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் நோயாளியின் சொந்த இமையிலும் படலத்திலும் இருந்த எபிடெர்மிடிஸ் வகையறாதான். வெளியே இருக்கும்வரை தீங்கில்லை, உள்ளே போனால் பார்வையைப் பறிக்கும். 'நல்ல' என்று படித்த உதவியாளர் அந்த 3 நிமிடத்தை 30 நொடியாக்கிவிடுவார். பெயர் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். இருக்குமிடத்தைச் சொன்னால் போதும்.

என் முன்மொழிவு 'உடனுறை'. தொல்காப்பியர் உள்ளுறையை, அதாவது குறிப்பால் உணர்த்தும் பொருளை, ஐந்தாக வகுக்கையில் முதலில் வைத்தது உடனுறை. ஒரு நிலத்தில் உடன் உறைவதையே கொண்டு வேறொன்றை உணர்த்துவது. இமை விளிம்பு ஒரு திணை, கீழிமைக்கும் விழிக்கும் இடையிலுள்ள கீழ்க்குழிவு இன்னொரு திணை என்று கொண்டால் மாதிரி எடுக்கும் பாடத்துக்கே விளக்கம் கிடைத்துவிடும். கீழிமையை இழுத்துவிட்டு, ஈரப்படுத்திய பஞ்சுக்குச்சியை விளிம்பும் மயிரும் படாமல் கீழ்க்குழிவில் உருட்ட வேண்டும். விளிம்பில் பட்டால் தோலின் பாக்டீரியாவும் ஒட்டிக்கொண்டு வரும், தட்டில் வளர்ந்தது எந்தத் திணையது என்று தெரியாது. மரப்புச் சொட்டை முதலில் விட்டால் அதிலுள்ள பென்சல்கோனியம் குளோரைடு இருக்கிற கொஞ்சத்தையும் கொன்றுவிடும்.
– க.

*

'உறை' பாக்டீரியாவின் மேலுறைக்கும் பெயராயிற்றே. நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா உறையுடையது. உடனுறை என்றால் உறையோடு கூடியது என்றும் பிரியும்.
– செ.

*

பிரியும்தான், ஆனால் அங்கே 'பொதியுறை' போட்டுக்கொள்ளலாம். எனக்குள்ள தயக்கம் வேறு. 'உறை' என்றால் தங்கி வாழ்வது. பஞ்சுக்குச்சியில் கிடைப்பதில் எது குடியிருப்பது, எது தோலிலிருந்து வந்து அன்றே கழுவுண்டு போவது என்று ஒரே மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு 'வந்துசெல்' என்று இன்னொரு சொல்லும் சேர்த்தே வர வேண்டும்.
– மீ.

*

நேரமில்லை. 'உடனுறை பாக்டீரியா' என்று மூன்று இடத்திலும் போட்டுவிட்டேன், 'வந்துசெல் பாக்டீரியா' அடிக்குறிப்பில். ஆதரவு நால்வர். கோலுயிரி, உடனுண்ணி இரண்டிலும் செ. ஐயாவின் மறுப்பு பதிவாகிறது.
– ந.

*

மறுப்பு நிற்கட்டும். ஆனால் நீங்கள் அனுப்பிய மெய்ப்பில் 'உடனுறைப் பாக்டீரியா' என்று ஒற்று மிகுந்திருக்கிறது. உறை இங்கே வினைத்தொகை, மிகாது. 12, 47, 48-ஆம் பக்கங்கள்.
– செ.