ஃபேஸ் தொலைந்த பிறகு படத்தை மீட்ட அனுபவங்கள்

ஃபூரியர் உருமாற்றம் ஒரு படத்தையோ ஒலியையோ பல அலைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு அலையின் வலிமை வீச்சு, அந்த அலை எங்கே தொடங்குகிறது என்பது ஃபேஸ். வீச்சு கையில் இருக்கிறது, ஃபேஸ் இல்லை. இந்த நிலையிலிருந்து படத்தையோ ஒலியையோ மீட்கப் பாடுபட்டவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

ஃபேஸின் அருமை எனக்கு ஒரே சோதனையில் புரிந்தது. ஒரு முகத்தின் ஃபேஸை எடுத்து, ஒரு மரத்தின் வீச்சோடு சேர்த்துத் திருப்பி உருமாற்றினேன். மணல் தூவியதுபோல மங்கலாக இருந்தாலும், வந்தது முகம்தான். மரத்தைக் காணவே இல்லை. ஓப்பன்ஹைமும் லிம்மும் 1981இல் எழுதிய கட்டுரை சொல்வதும் இதைத்தான். ஆனாலும் நாமே செய்து பார்க்கும்போது வரும் வியப்பே வேறு.

அப்புறம் வீச்சை மட்டும் வைத்து மீட்கும் வேலைக்கு வந்தேன். சோதனைப் படம் ‘ழ’ என்ற எழுத்து. 128 × 128 பிக்சல், சுற்றிலும் சுழியங்களை நிரப்பி 256 × 256. பயன்படுத்தியது ஃபீனப்பின் கலப்பு உள்ளீடு-வெளியீடு முறை: ஒரு ஊகப் படத்தில் தொடங்கி, தெரிந்த வீச்சுக்கும் படம் அடங்க வேண்டிய எல்லைக்கும் பொருந்தும்படி சுற்றுச் சுற்றாகத் திருத்துவது. திருத்தத்தின் அளவைக் குறிக்கும் பீட்டா 0.9. சில நூறு சுற்றுகளில் பிழை இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது. திரையில் ழ தெரிந்தது. அதன் மேலேயே தலைகீழாக இன்னொரு ழ! வால் கீழே ஒன்று, மேலே ஒன்று. நிரலில்தான் தப்பு என்று நினைத்து நாள்கணக்கில் வரிவரியாகத் தேடினேன்.

நிரல் சரியாகத்தான் இருந்தது. ஒரு படத்தை 180 டிகிரி சுற்றினாலும் வீச்சு துளியும் மாறாது. நான் எல்லையாகக் கொடுத்த சதுரமும் சுற்றினால் அதே சதுரம். ஆக இரண்டு விடைகளும் சமமாகப் பொருந்த, கணக்கீடு எந்தப் பக்கமும் போக முடியாமல் நடுவில் சிக்கிக்கொண்டது. ஃபீனப்பும் வேக்கர்மேனும் 1986இல் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டி, முக்கோணமாக்கிப் பத்து சுற்று ஓட்டிவிட்டு, பழைய சதுரத்தைத் திரும்பக் கொடுத்தேன். ஒரு ழ மெல்லக் கரைந்தது, மற்றது தெளிந்தது. தெளிந்தது தலைகீழ் ழ! அதுவும் சரியான விடைதான், திருப்பி வைத்துக்கொண்டேன்.

மறுமொழி 1:
நான் ஒலியில் முயன்றேன். கிரிஃபின்-லிம் முறை, 1984இல் வந்தது. ஒலியைச் சட்டங்கள் எனும் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றின் வீச்சிலிருந்து ஒலியை மீட்பது. அடுத்தடுத்த சட்டங்கள் பாதி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வைத்தபோது, குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோலக் குரல் கேட்டது. முக்கால் பங்காக்கியதும் சொற்கள் தெளிந்தன. ஒலியின் ஒரே புள்ளி பல சட்டங்களில் இடம்பெறுவதால், தொலைந்த ஃபேஸைப் பற்றி அவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன.

மறுமொழி 2:
ஒற்றைப் பரிமாணத்தில், அதாவது ஒரே வரிசை எண்களாக உள்ள சிக்னலில், யாராவது செய்தீர்களா? நான் ஐந்து முறை வெவ்வேறு தொடக்கத்திலிருந்து ஓட்டினேன். ஐந்து வெவ்வேறு சிக்னல்கள் வந்தன, எதிலும் பிழை கிட்டத்தட்ட சுழியம். அவற்றுள் ஒன்றுகூட அசல் இல்லை.

முதல் பதிவர்:
உங்கள் கணக்கீடு சரியாகவே ஓடியிருக்கிறது. ஒற்றைப் பரிமாணச் சிக்னலின் மதிப்புகளைக் கெழுக்களாக வைத்துப் பல்லுறுப்புக்கோவையாக எழுதினால் அது காரணிகளாகப் பிரிந்துவிடும். ஒரு காரணியின் கெழுக்களை மட்டும் முன்பின்னாகப் புரட்டிப் போட்டாலும் வீச்சு மாறாது, சிக்னல் மாறிவிடும். இரு பரிமாணக் கோவைகள் பெரும்பாலும் அப்படிப் பிரிவதில்லை. என் ழவுக்கு ஒரே ஒரு இரட்டை மட்டும் இருந்தது அதனால்தான். சிக்னலின் முதல் சில மதிப்புகள் தெரியுமென்றால் அவற்றை ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திணித்துப் பாருங்கள்.