காதுகுத்து அன்றைக்கு அம்மா போனில் இடமில்லை

போன வைகாசியில் எங்கள் குலதெய்வம் கோயிலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், பிள்ளை என் மடியில். ஆசாரி கம்பியை எடுக்கிறார், அம்மா எதிரே நின்று போனைத் தூக்குகிறாள். ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வந்து கேமரா படம் எடுக்கவே இல்லை. மற்றவர்கள் எடுத்த படம் எவ்வளவோ இருக்கிறது. ஆனால் தன் கையால் எடுக்க முடியவில்லையே என்று அம்மா அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பஜாரில் ஒரு மொபைல் கடையில் ஏற்கெனவே காட்டியிருக்கிறாள். ரீசெட் போட்டு, அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதுப்போன் மாதிரி ஆக்கித் தருகிறோம், 300 ரூபாய் ஆகும் என்றார்களாம். மறுநாள் கொடுக்கத்தான் இருந்தாள். அன்று ராத்திரியே போனை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

32 ஜிபி போன். அதில் ஆண்ட்ராய்டும் கூடவே வந்த ஆப்களும் 12 ஜிபிக்கு மேல் பிடித்திருந்தன, அதில் கை வைக்க வழியில்லை. வாட்ஸ்அப் மட்டும் 9 ஜிபி. எல்லாரும் காலை வணக்கப் படங்களைத்தான் திட்டுவார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் ஒரு படம் 100 கேபி, 150 கேபி. ஆறாயிரம் படம் சேர்ந்தும் 1 ஜிபி வரவில்லை. அதில் பாதி முருகனும் வெள்ளிக்கிழமை அம்மனும். “சாமி படத்தை எப்படிப்பா அழிக்கிறது?” என்றாள் அம்மா. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இடத்தை அடைத்தவை வீடியோக்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’. 5 எம்பிக்கு மேல் உள்ளவற்றைத் தனியாகவும், பலமுறை ஃபார்வர்டு ஆனவற்றைத் தனியாகவும் அதுவே பிரித்துக் காட்டும். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். சித்தி மகன் கல்யாண வீடியோ வேண்டும், சமையல் குறிப்பு வேண்டாம், மூட்டுவலி மருத்துவம் வேண்டாம். இப்படியே 5 ஜிபி போயிற்று.

அப்புறம் வாட்ஸ்அப்பின் ‘சென்ட்’ ஃபோல்டர். நாம் கேலரியிலிருந்து யாருக்காவது படமோ வீடியோவோ அனுப்பினால், அனுப்பியதன் நகல் ஒன்று இதில் தங்கிவிடும். கேமராவில் எடுத்த மூலப்படம் வேறு இடத்தில் இருக்கும். அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதை அழிக்க வேண்டும். இதில் இன்னொரு 1 ஜிபி கிடைத்தது. கடைசியாக ஆட்டோ டவுன்லோடில் வீடியோவை நிறுத்தினேன், வைஃபைக்கும் சேர்த்து.

இதை எழுத உட்கார்ந்ததே இனி சொல்லப்போவதற்காகத்தான். அப்பா தவறி மூன்று வருஷம் ஆகிறது. அவர் டைப் பண்ண மாட்டார், எல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான். ‘பஸ் ஏறிட்டேன்’, ‘மாத்திரை போட்டியா’, ‘தண்ணி மோட்டாரை நிறுத்திடு’. அத்தனையும் அம்மா போனில் இருந்தன. பேக்கப் எதுவும் போடவில்லை. ரீசெட் போட்டிருந்தால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா என்று உள்ளே போனால் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டர் வரும். அதற்குள் வருஷமும் வாரமும் சேர்ந்த எண்களில் சின்னச் சின்ன ஃபோல்டர்கள், ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் தேதி. அத்தனை வருஷப் பேச்சும் சேர்த்து 200 எம்பிகூட இல்லை. ஒரு கல்யாண வீடியோ அளவுதான். முதல் வேலையாக அதை மெமரி கார்டில் காப்பி செய்திருக்க வேண்டும். நான் கடைசியில் செய்தேன். நீங்கள் முதலில் செய்யுங்கள்.

* * *

உங்கள் பதிவைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். கூகுள் போட்டோஸில் எல்லாம் பேக்கப் ஆகியிருந்தது. போனில் இடம் வேண்டும் என்று அதே ஆப்பில் 2,000 படங்களைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுத்தேன், போனிலிருந்து மட்டும்தான் போகும் என்ற நினைப்பில். பிள்ளைகளின் ஸ்கூல் ஆண்டுவிழாப் படம் ஒன்றை லேப்டாப்பில் தேடும்போதுதான் அங்கேயும் இல்லை என்று தெரிந்தது. கூகுள் போட்டோஸில் டெலீட் கொடுத்தால் இரண்டு இடத்திலும் போய்விடும். பேக்கப் ஆன படங்கள் 60 நாள் ட்ராஷில் இருக்கும், அதனால் பிழைத்தேன். நான் பார்த்தது நாற்பத்தோராவது நாள்.

போனில் மட்டும் காலி செய்ய ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்று தனியாக இருக்கிறது, அதைத்தான் அழுத்த வேண்டும். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் கூகுள் தரும் இலவச 15 ஜிபியில்தான் கணக்காகும். ஜிமெயிலுக்கும் கூகுள் டிரைவுக்கும் சேர்த்துத்தான் அந்த 15.

* * *

நான் போன் சர்வீஸ் செய்கிறவன். அந்தக் கடைக்காரர் சொன்னதைப் போல உடனே ரீசெட் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. என்னிடம் வருபவர்களிடம் முதலில் கேட்பது, ‘இதில் போகக் கூடாதது என்ன?’ என்பதுதான். பாதிப் பேர் யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள்.

ஆப் செட்டிங்ஸில் ‘க்ளியர் கேஷ்’, ‘க்ளியர் டேட்டா’ என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கும். முதலாவது, ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைத்ததை (கேஷ்) மட்டும் அழிக்கும்; பெரிய ஆபத்தில்லை, ஆப் தனக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இரண்டாவது அப்படியில்லை, அந்த ஆப்பைப் புதிதாகப் போட்டதுபோல் ஆக்கிவிடும். டெலிகிராமில் கேஷை அழித்தால் வீடியோக்கள் சர்வரில் இருக்கும், வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பை அப்படி நம்பி அழிக்காதீர்கள், போனில் இருப்பதுதான் உங்கள் பிரதி.

மெமரி கார்டில் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எந்த விதத்தில் ஃபார்மட் செய்தீர்கள்? ‘இன்டர்னல்’ என்று போட்டிருந்தால் அந்த போன் மட்டும்தான் அதைப் படிக்கும். போன் செத்தால் கார்டை வேறெதில் போட்டாலும் ஒன்றும் தெரியாது. இப்படி மாட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

* * *

ரொம்ப நன்றி. உடனே அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு செட்டிங்ஸைக் காட்டச் சொன்னேன். ‘போர்ட்டபிள்’ என்றுதான் இருக்கிறது, வேறு எதில் போட்டாலும் படிக்கும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அக்கா அந்தக் கார்டை லேப்டாப்பில் போட்டு, பென்டிரைவில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என்று ஏற்றிக்கொண்டிருக்கிறாள். பாதி ஏறிவிட்டதாம்.